துரை வீட்டில் மூன்று நாள்

"அக்கா... காப்பி என்னாச்சு? இன்னைக்குக் கெடைக்குமா, கெடைக்காதா?"

முன்னறையிலிருந்து ஜெயசெல்வியின் குரல் வந்தபோது, வடிவம்மாள் பின்வாசல் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீன் குடலை உருவிக்கொண்டிருந்தாள். மணி ஆறரைகூட ஆகவில்லை. தூத்துக்குடியிலிருந்து பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்த சீலா மீன். ஐஸ் ராத்திரியே கரைந்துவிட்டது. அந்த வாடை மூக்கைப் பொத்தினாலும் விடுவதாயில்லை. பக்கத்தில் நேற்று கொழுந்தனும் அவனுடைய ஆபீஸ் கூட்டாளிகளும் தின்றுவிட்டுப் போட்ட தட்டுகள் காய்ந்து கிடந்தன. கடித்துத் துப்பிய எலும்பு, அதன்மேல் ஈ, நடுவே குத்தி அணைத்த சிகரெட்டு. சீ!

"கை மீனாக் கெடக்கு ஜெயா... செத்த பொறு!"

"கைய நல்லாக் கழுவிட்டுப் போடுங்க. நேத்து காப்பியிலேயே கவிச்சி அடிச்சுது. இவுகளுக்குக் கொமட்டிட்டு வந்துட்டு!"

கேட்டீர்களா நியாயத்தை? மீனைத் தின்பவளுக்கு வாடை ஆகாதாம், கழுவுகிறவளுக்கு ஆகுமாம்! ஜெயசெல்வி வடிவம்மாளின் கொழுந்தன் பெண்டாட்டி. வடிவம்மாள் அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள். எல்லாரும் பத்து நாள் ஓய்வெடுக்க வந்திருந்தார்கள். இவளும் ஓய்வெடுக்கத்தான் வந்தாள் என்று சொன்னால் அந்த ஈகூடச் சிரிக்கும்.

ஏரலுக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. ஊரில் அதற்குத் துரை வீடு என்று பேர். எந்தக் காலத்திலோ ஒரு ஸ்காட்லாந்துக்காரத் துரை, தன் ஊரில் ஆற்றங்கரையில் இருந்த வீட்டை நினைத்து ஏங்கி ஏங்கி, அதே மாதிரி இங்கே கட்டினானாம். சரிந்த கூரை, குளிர் புகாதபடி சின்னச் சின்ன ஜன்னல், உட்காரும் அறையில் விறகு போட்டுக் குளிர்காய ஒரு மாடம். குளிருக்குக் கட்ட வேண்டிய வீட்டைக் கத்திரி வெயிலில் கொண்டுவந்து நட்டிருந்தான் மகராசன்! சுவரில் அவன் ஊர்ப் படம் ஒன்று தொங்கியது. சாம்பல் நிறத்தில் ஒரு ஆறு, கரையில் கண்ணை மறைக்கிற அளவுக்கு மயிர் தொங்கும் மாடுகள். துரை போனபிறகு வீடு ஒரு கப்பல் கம்பெனியின் கைக்கு வந்து, ஆபீசர்கள் குடும்பத்தோடு வந்து தங்கும் இடமாகிவிட்டது.

அந்தக் கம்பெனியில்தான் கொழுந்தன் வன்னியபெருமாள் உதவி மேனேஜர். தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை முடிகிற சமயம். கம்பெனிக்காரர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மதினி, நீங்களும் வரணும். ஆத்துல ஆசைதீரக் குளிக்கலாம்" என்று அவன் வந்து கூப்பிட்டபோது வடிவம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. தூத்துக்குடியில் அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாயடியில் சண்டைபோட்டுப் பிடிக்கிற நாலு குடம் குடிக்கத்தான் காணும். இருபத்துநாலு வருஷமாக உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்துத் தலைமுடி தேங்காய்நார் மாதிரி ஆகியிருந்தது. ஆற்றில் ஒரு முழுக்கு... வேறு எதையும் அவள் கேட்கவில்லை. இன்றைக்கு மூன்றாவது நாள். ஆற்றில் பாத்திரம்தான் முங்கியது, இவள் முங்கவில்லை.

குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதைதான். அந்தச் சேறு பூசப்பட்டது முதல் நாளே!

அன்று அரிசி, பாத்திரம், மளிகைச் சாமான்களோடு கம்பெனி வேனில் அவள் மட்டும் காலையிலேயே வந்து இறங்கினாள். மற்றவர்கள் சாயந்தரம் காரில் வருவதாக ஏற்பாடு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ரோச் என்பவர் ஒரு பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். புன்னைக்காயல்காரர், துரை காலத்து மனிதர். தங்க வருகிறவர்கள் பேரை, யாருக்கு யார் என்ற விவரத்தோடு எழுதிக்கொள்ளாமல் அவர் கதவைத் திறக்க மாட்டார்.

"அம்மா பேரு?"

"வடிவம்மாள்."

"வீட்டுக்காரர் பேரு?"

வடிவம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவனிடம்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சொல்லச் சொன்னாள். பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தது எலும்பில் ஊறிக் கிடந்தது. இங்கே சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லை.

"அவுக சாயந்தரம் வருவாக. வந்து சொல்லுவாக" என்றாள்.

ரோச் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாயம் போன நூல்சேலை, சுற்றிலும் அண்டா குண்டான், முகம் முழுக்க அம்மைத் தழும்பு. புருஷன் பேர் இல்லாமல் சட்டிபானையோடு வருகிற பொம்பளை வேறு யாராக இருக்க முடியும்? 'சமையல் ஆள், ஒன்று' என்று எழுதிவிட்டு, பின்கட்டில் விறகு அறைக்குப் பக்கத்து அறையைக் காட்டினார். நோட்டில் என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியாது. சாயந்தரம்தான் தெரிந்தது.

சாயந்தரம் அவர் எல்லார் பேரையும் வாசித்தபோது, ஜெயசெல்வி "ஐயய்யோ... அக்காவைச் சமையக்காரி ஆக்கிட்டாரு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வன்னியபெருமாளும் சிரித்தான். பிறகு குரலைத் தணித்து, "அது அப்படியே இருக்கட்டும் மதினி. நாளான்னைக்குப் பெரிய ஆபீசர் மெட்ராஸ்லருந்து சம்சாரத்தோட வாராரு. நோட்டை வாங்கிப் பாப்பாரு. ஒரு ஆபீசர் ஒரு சமையக்காரியக் கூட்டிட்டு வரலாம்னு ரூல் இருக்கு. அடிச்சுத் திருத்துனா கேள்வி வரும்" என்றான்.

வடிவம்மாள் புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. 'என் பொஞ்சாதி'ன்னு ஒரே ஒரு வார்த்தை... அவள் வாயால் சொல்ல முடியாததை அவர் வாயால் சொல்லலாம் அல்லவா? பிச்சையா மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கப்பல்களுக்குப் பலசரக்கு சப்ளை செய்கிற உரிமையை அவருடைய கடைக்கு வாங்கித்தருவதாகத் தம்பி சொல்லியிருந்தான். அதற்குப் பெரிய ஆபீசர் கையெழுத்து வேண்டும்.

"விடுளா... நோட்டுல எழுதுனா எழுதிட்டுப் போறான். உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?" என்றார்.

ரோச்தான் பாவம், அன்றைக்கே சமையற்கட்டுக்கு வந்து நின்றார். "மன்னிச்சிருங்கம்மா... யாருன்னு தெரியாம எழுதிட்டேன்."

"நீங்க தெரியாமத்தான் எழுதுனீக அண்ணாச்சி. தெரிஞ்சவுக வாசிக்கக் கேட்டுட்டுச் சிரிச்சாகளே!"

அந்தச் சிரிப்பு இன்று காலைவரை அவள் வயிற்றில் புளித்துக்கொண்டிருந்தது. மீனைக் கழுவினாள், காப்பி போட்டாள், குளிர்காய்கிற மாடத்துக்குள் பிள்ளைகள் எறிந்திருந்த வாழைப்பழத் தோலை அள்ளினாள். அது அழுகி, கை வைத்த இடமெல்லாம் புழு நெளிந்தது. ஆறு நிறையத் தண்ணீர் ஓடினாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பார்கள். இத்தனை பெரிய ஆற்றை வாசலில் வைத்துக்கொண்டு, இந்த ஜனங்கள் குப்பையை வீட்டுக்குள்ளேயே போட்டன.

பன்னிரண்டரை மணிக்குப் பெரிய ஆபீசரின் கார் வந்தது. அவருக்கு வழுக்கை, அந்த அம்மாவுக்குப் பட்டுச்சேலை, கறுப்புக் கண்ணாடி. பந்தி உட்கார்ந்தது. வாழை இலையில் சோறு, சீலா மீன் குழம்பு, பொரித்த மீன், அவியல், ரசம். வடிவம்மாள் குனிந்து குனிந்து பரிமாறினாள்.

"பெருமாள், பிரமாதமய்யா! இந்தக் குழம்புக்கே இன்னொரு நாள் தங்கலாம்!" என்றார் ஆபீசர்.

"உங்களுக்கில்லாததா சார்!"

அந்த அம்மா மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். வடிவம்மாள் இரண்டாவது தடவை குழம்பு ஊற்றக் குனிந்தபோது சட்டென்று இலையைக் கையால் மறைத்தாள்.

"மிஸ்டர் பெருமாள், தப்பா நினைக்காதீங்க... இவங்க முகத்தைப் பாத்தா எனக்குச் சாப்பிடவே முடியல. இது ஒட்டாதுதானே? வேற யாராவது பரிமாறச் சொல்லுங்களேன்!"

அந்த முகம்! அது எப்படி வந்தது என்று அந்தப் பந்தியில் இரண்டு பேருக்குத் தெரியும். வடிவம்மாள் கல்யாணமாகி வந்த வருஷம் அவளுக்குப் பதினாறு வயது. தாயில்லாப் பிள்ளை வன்னியபெருமாளுக்கு ஒன்பது. அவனுக்கு அம்மை வார்த்தது. பெரியம்மை. சொந்தபந்தம் எல்லாம் தெருமுனையோடு நின்றுகொண்டது. கடைக்கு ஆள் வராது என்று பிச்சையாவைக் கடையிலேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள். நாலு மாதக் கர்ப்பிணி அவள், வாசலில் வேப்பிலை செருகிவிட்டு அந்தப் பிள்ளையோடு உள்ளே கிடந்தாள். பதினெட்டு நாள்! வாழை இலையில் அவனைப் படுக்கவைத்து, சீழ் ஒட்டிய இலையை மாற்றி மாற்றி... அவன் பிழைத்தான். பிறகு அவளுக்கு வார்த்தது. முகம் போயிற்று, வயிற்றில் இருந்ததும் போயிற்று, அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவேயில்லை. போகட்டும், எனக்குத்தான் ஒரு பிள்ளை இருக்கானே என்று இவனையே வளர்த்தாள்.

அந்தப் பிள்ளை இப்போது நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் சிவந்திருந்தது. வெட்கத்தில்தான். யாரை நினைத்து வெட்கம்?

"ஏ... நீ உள்ள போ. ஜெயா, நீ எடுத்து வை" என்றான்.

நீ! மதினி என்ற வாய், இருபத்துநாலு வருஷம் 'மதினி, மதினி' என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த வாய், 'நீ உள்ள போ' என்றது!

வடிவம்மாள் புருஷனைத்தான் பார்த்தாள். பிச்சையாவின் கை, உருட்டிய சோற்றோடு பாதி வழியில் நின்றது. இதோ... இப்போது சொல்லிவிடுவார்... அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை மேலே போயிற்று. சோறு வாய்க்குள் போயிற்று. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. முழுங்கிவிட்டார்!

மீன் குடலும் புழுவும் செய்யாததை அந்த ஒரு வாய்ச் சோறு செய்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு, பின்வாசலைத் தாண்டி, முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். வெறும் வயிறு. பித்தநீர்தான் வந்தது. த்தூ... இதற்கா? இதற்கா வாழ்ந்தோம்?

அவள் அழவில்லை. நேராகப் படித்துறைக்குப் போனாள். பந்தி நடக்கிற அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். பார்த்தால் பார்க்கட்டும்! இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூச்சடக்கி ஒரு முழுக்குப் போட்டாள். நல்ல தண்ணீர். நாக்கில் உப்புக் கரிக்காத தண்ணீர். இன்னொரு முழுக்கு. இன்னொன்று. மீன் வாடையும் எச்சில் வாடையும் போகும்வரை முங்கி முங்கி எழுந்தாள். பிறகு பின்கட்டு அறையிலிருந்து தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, ஈரச்சேலையோடு வாழைத் தோட்டத்து வரப்பில் நடக்கத் தொடங்கினாள்.

வரப்பு முடிகிற இடத்தில் தார்ரோடு. ஓரமாக ஒரு வாய்க்கால். தூத்துக்குடி பஸ் அங்கேதான் நிற்கும். புளியமரத்தடியில் நின்று சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது, மூச்சு வாங்க ஓடிவந்தார் பிச்சையா. காலில் செருப்பில்லை.

"ஏளா... நில்லு! நான் சொல்லிட்டேன். எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். அவ சமையக்காரி இல்ல, என் பொஞ்சாதி, இந்தா ஒக்காந்திருக்கானே இவனை வளத்த ஆத்தான்னு சொல்லிட்டேன். சப்ளையும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டேன்!"

"எப்பச் சொன்னீக?"

"எப்பன்னா...?"

"எப்பன்னு கேக்கேன். வாயில இருந்ததை முழுங்குறதுக்கு முன்னாலயா, முழுங்குன பொறவா?"

பொய் சொல்லத் தெரிந்த மனிதர்தான், வியாபாரி அல்லவா! ஆனால் இப்போது சொல்லவில்லை.

"முழுங்குன பொறவுதான்... நீ ஆத்துல முங்குறதை ஜன்னல் வழியாப் பாத்தேன். திரும்பி வரமாட்டியோன்னு ஈரக்கொலை நடுங்கிட்டு. அதுக்கப்புறம்தான் வாயி தொறந்துது. நான் மனுசனே இல்லளா..."

அதற்குள் கம்பெனிக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. வன்னியபெருமாள் இறங்கினான்.

"மதினி... கார்ல ஏறுங்க. எல்லாரும் காத்துட்டு இருக்காக. அந்த மேடமே சாரி சொல்லணும்னு..."

"அந்தம்மா எனக்கு யாருய்யா? ரோட்டுல போறவ! அவ மூஞ்சியைச் சுளிச்சா எனக்கு என்ன நட்டம்? நீ சொன்னியே... 'உள்ள போ'ன்னு நீ சொன்னியே! ஒம்பது வயசுல கண்ணு ரெண்டும் ஒட்டிப்போயி, சீழும் நாத்தமுமாக் கெடந்தியே, அன்னைக்கு நான் மூஞ்சியைச் சுளிச்சனா? அள்ளி மடியில போட்டுக்கிட்டனே! இது யாரு முகம்னு உனக்குத் தெரியாதாடா? உன் ஒடம்புல இருந்து என் ஒடம்புக்கு வந்ததுதானே இது!"

வன்னியபெருமாள் அந்தத் தார்ரோட்டில், அத்தனை வெயிலில், அவள் காலடியில் அப்படியே விழுந்தான். உதவி மேனேஜரின் வெள்ளைச் சட்டை மண்ணில் புரண்டது.

"என்னை அடிங்க மதினி... செருப்பால அடிங்க! என்னமோ பெருசா ஆயிட்டேன்னு... ஐயோ, உங்களைப் போயி..."

வடிவம்மாளுக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அடக்க அடக்க நிற்காமல் வந்தது. அவன் தலையைத் தொடக் கை நீண்டது. பாதியில் நின்றது.

"எந்திரிய்யா. சட்டையெல்லாம் மண்ணாவுது பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்னை வெறுத்துப் பேச எனக்கு வாய் வரல. ஆனா இன்னைக்கு உன்னைத் தொட முடியலய்யா... அருவருப்பா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். நாலு நாள் போகட்டும். அவளையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வீட்டுக்கு வா. சோறு போடுவேன். தின்ன தட்டை அவங்கவங்க கழுவணும், அம்புட்டுத்தான்."

அவன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன் மாதிரி நின்றான். காரைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லி அவள் கையைக் காட்டியபிறகுதான் நகர்ந்தான்.

புளியமரத்தடியில் இரண்டு பேர்தான் மிச்சம். பிச்சையா பக்கத்தில் வரத் துணியாமல் நின்றார். வலது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். பந்தியிலிருந்து எழுந்த வேகத்தில் கழுவவில்லை. குழம்பும் சோறும் விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்தன.

"நானும் உன்கூட வாரேன். வரட்டுமா?" என்றார். இருபத்துநாலு வருஷத்தில் அவர் அவளிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முதல்ல அந்தக் கையைக் கழுவுங்க. நாறுது."

அவர் வாய்க்காலுக்கு இறங்கினார். சரிவு வழுக்கியது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புல்லைப் பிடித்துப் பிடித்து இறங்கி, தண்ணீர் ஓரம் குந்தினார். மணலை அள்ளித் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். மறுபடி மணலை அள்ளித் தேய்த்தார்.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்துவிட்டது. கூட்டம் பிதுங்கியது. வடிவம்மாள் ஒரு காலைப் படியில் வைத்துக் கம்பியைப் பிடித்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான்.

"ஏறுங்கம்மா, சீக்கிரம்! ஒரு ஆள்தானே?"

அவள் திரும்பி வாய்க்காலைப் பார்த்தாள். குனிந்த முதுகு இன்னும் நிமிரவில்லை. மனிதர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, நேரமாவுதுல்லா! ஏறுனா ஏறு, இல்லன்னா காலை எடு!"

"கொஞ்சம் நில்லுய்யா" என்றாள் வடிவம்மாள். "எங்க வீட்டுக்காரரு கை கழுவுதாரு."

உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். டிரைவர் ஹாரனை அடித்தான். அவள் படியில் வைத்த காலை எடுக்கவுமில்லை, மற்றக் காலைத் தூக்கி வைக்கவுமில்லை.